‘குடும்பம்’ என்று எழுத விடாத விசை

எங்கள் குழுவிடம் இருக்கும் ஒரே மடிக்கணினியில் எஸ்கேப் விசை வேலை செய்யாது. கம்பஸ் முடித்துப் போன ஒரு அக்கா, “வச்சிக்கோங்க, எனக்கு இனித் தேவையில்ல” என்று கொடுத்துவிட்டுப் போனது. நினைவகம் 2 ஜிபி. விண்டோஸ் போட்டால் அது திறந்து முடிவதற்குள் தேத்தண்ணி ஊத்திக் குடிச்சிட்டு வந்துரலாம். அதனால் லினக்ஸ் போட்டிருக்கிறோம். நாங்கள் எல்லாரும் கலைப்பீடம். கட்டளைவரி, ஷெல் என்பதெல்லாம் எங்கள் பாடத்தில் இல்லை. தேவை வந்தது, படித்தோம்.

தேவை இதுதான். இரண்டு விடுமுறைகளில் இரத்தினபுரி மாவட்டத்தில் இறக்குவானை, கஹவத்தைப் பக்கமும், கேகாலை மாவட்டத்தில் தெரணியகல, யட்டியாந்தோட்டைப் பக்கமும் இருக்கும் தோட்டங்களில் வயசானவங்க பேசியதை எழுதி வைத்தோம். எந்த லயத்தில் யார் இருந்தாங்க, யார் கங்காணி, ரப்பர் வெட்டியது யார், கொழுந்து எடுத்தது யார், 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு எந்தக் குடும்பம் இந்தியா போனது, எது இங்கேயே நின்றது. ஆளுக்கு ஒரு கோப்பாக 43 கோப்புகள். எல்லாம் தமிழில்.

ஒரு பாட்டி கேட்ட கேள்வியில்தான் தேடல் தொடங்கியது. “என் தங்கச்சியப் பத்தி வேற யாராச்சும் சொன்னாங்களா?” தங்கை குடும்பத்தோடு கப்பலேறிப் போனவர். அதற்குப் பிறகு தகவல் இல்லை. அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. உதாரணத்துக்குக் ‘கறுப்பாயி’ என்று வைத்துக்கொள்வோம். நம்ம பக்கத்தில் இந்தப் பெயர் ஏராளம்.

கஷ்டம் என்னவென்றால், எங்களில் ஒருத்தர் ‘கறுப்பாயி’ என்று அடித்திருந்தார், இன்னொருத்தர் ‘கருப்பாயி’ என்று அடித்திருந்தார். யாரையும் குறை சொல்ல முடியாது. பிறப்புப் பதிவில் சிங்களத்தில் ஒரு மாதிரி, பழைய கடதாசிகளில் ஆங்கிலத்தில் ஒரு மாதிரி எழுதியிருக்கும். அதைப் பார்த்துத் திரும்பத் தமிழில் எழுதும்போது றகரம் ரகரமாகிவிடும். தோட்டத்து ஆட்களின் பெயர்கள் இப்படி மாறிப் போவதும், அதனால் அடையாள அட்டைக்கும் சேமலாப நிதிக்கும் அலைய வேண்டி வருவதும் இதை வாசிக்கிற பலருக்கு வீட்டுக் கதை. அதே தவறை நாங்களும் செய்து வைத்திருந்தோம்.

லினக்ஸில் கோப்புகளுக்குள் ஒரு சொல்லைத் தேட ‘கிரெப்’ என்ற கட்டளை இருக்கிறது. கிரெப் என்று ஆங்கிலத்தில் அடித்து, தேடும் சொல்லைத் தமிழில் அடித்தால், அது வரும் வரிகளை எல்லாம் காட்டும். கிடைக்காவிட்டால் முந்திய கட்டளையைத் திரும்பக் கொண்டுவந்து ஒரே ஒரு எழுத்தை மாற்றி மறுபடி தேட வேண்டும். ஒரு பெயருக்கு ஐந்தாறு முறை. இதை அம்பு விசைகளால் செய்து களைத்துப் போயிருந்தபோதுதான், கணினி படிக்கும் ஒரு அண்ணா, “ஷெல்லை வீஐ நிலையில போட்டுப் பாருங்களேன்” என்றார்.

வீஐ என்பது ஒரு பழைய எழுத்துத் திருத்தி. அதன் விசைமுறையை ஷெல்லிலும் பாவிக்கலாம். அந்த முறையில் விசைப்பலகைக்கு இரண்டு நிலைகள். எழுதும் நிலையில் விசைகள் எழுத்தைத் தரும். எஸ்கேப்பை அழுத்தினால் கட்டளை நிலை. அப்போது அதே விசைகள் வேலை செய்யும்: எச் இடம் போகும், எல் வலம் போகும், கே முந்திய கட்டளையைக் கொண்டுவரும், ஜே அடுத்ததைக் கொண்டுவரும். பூச்சியம் வரியின் தொடக்கத்துக்குப் போகும். எஃப் அடித்து ஒரு எழுத்தை அடித்தால் அந்த எழுத்துக்குத் தாவும். ஆர் அடித்து ஒரு எழுத்தை அடித்தால் நிற்கும் இடத்தில் அது வந்து உட்காரும். அதாவது எஸ்கேப், கே, 0, எஃப், ற, ஆர், ர. ஏழு தட்டில் ‘கறுப்பாயி’ ‘கருப்பாயி’ ஆகிவிடும். நமக்கு ‘று’ ஒரே எழுத்து. யுனிகோடில் அது றகரமும் உகரக் குறியுமாக இரண்டு. அதனால் றகரத்தை மட்டும் மாற்றினால் உகரம் அப்படியே நிற்கும். இந்த இடத்தில் அது எங்களுக்கு வசதியாகப் போனது.

ஆனால் முதல் தட்டே எஸ்கேப். எங்களிடம் அந்த விசை செத்துப் போயிருந்தது. விசைகளை மாற்றி அமைக்க வேண்டிய கட்டாயம் அப்படித்தான் வந்தது. மாற்றுவதற்கு முன் ஒரு கேள்வியும் வந்தது. அடிக்கடி தேவைப்படும் விசையை ஏன் இவ்வளவு தூரத்து மூலையில் வைத்தார்கள்? இடம் வலம் போக ஏன் எச்சும் எல்லும்?

தேடிப் பார்த்தால், மூலையில் யாரும் வைக்கவில்லை.

1976-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பில் ஜாய் என்ற மாணவர் வீஐயை எழுதத் தொடங்கினார். அப்போது அவருக்கு 21, 22 வயசு. எங்க வயசுதான். அதற்கு முன் யுனிக்ஸில் இருந்தது கென் தாம்சன் எழுதிய ‘ஈடி’ என்ற திருத்தி. அது எழுதியதைத் திரையில் காட்டாது. எத்தனையாவது வரி என்று சொல்லிச் சொல்லித் திருத்த வேண்டும். லண்டன் குயின் மேரி கல்லூரியின் ஜோர்ஜ் கூலூரிஸ் அதை மனுசருக்கு ஏற்ற மாதிரி மாற்றி ‘ஈஎம்’ என்று ஒன்றைச் செய்திருந்தார். பெர்க்லிக்கு வந்தபோது அதைக் காட்டினார். அந்த வழியில்தான் ஜாயின் வேலை நடந்தது.

ஜாய் வீட்டிலிருந்து 300 பாட் மோடத்தில் வேலை செய்தவர். அது ஒரு விநாடிக்குச் சுமார் 30 எழுத்துதான் அனுப்பும். வரிக்கு 80 எழுத்து, 24 வரி கொண்ட ஒரு திரையை நிரப்ப ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். அப்படிப்பட்ட இணைப்பில் ஒரு கட்டளைக்கு ஒரு எழுத்துக்கு மேல் செலவழிக்க மனசு வராது. வீஐயின் சிக்கனம் அங்கிருந்து வந்தது.

அவர் பாவித்த முனையம் லியர் சீக்லர் நிறுவனத்தின் ஏடிஎம்-3ஏ. அந்த விசைப்பலகையின் படத்தை இணையத்தில் ஒருமுறை பாருங்கள். தனி அம்பு விசைகள் இல்லை. எச், ஜே, கே, எல் விசைகளின் மேலேயே அம்புகள் அச்சடித்திருக்கும். எஸ்கேப், இன்றைக்கு டாப் இருக்கும் இடத்தில், க்யூ விசைக்குப் பக்கத்தில் இருக்கும். இடக்கைச் சுண்டுவிரல் கொஞ்சம் நகர்ந்தால் போதும். கண்ட்ரோல், இன்றைக்குக் கேப்ஸ் லாக் இருக்கும் இடத்தில் இருக்கும். ஜாயின் கைக்கு எல்லாம் பக்கத்தில் இருந்தன. பிறகு வந்த விசைப்பலகைகள் எஸ்கேப்பை மூலைக்குத் தள்ளின. வீஐ பழைய இடத்தின் நினைப்பிலேயே இருந்துவிட்டது.

அம்புகள் ஏன் அந்த நாலு எழுத்தில்? அதற்குக் காரணம் இன்னும் பழசு. 1963-இல் வந்த ஆஸ்கி குறியீட்டில், கண்ட்ரோலோடு ஒரு எழுத்தை அழுத்தினால் அந்த எழுத்தின் வரிசை எண்ணே கட்டளையாகப் போகும். எச் எட்டாவது எழுத்து. எட்டாம் எண்ணின் வேலை ஒரு இடம் பின்னால் போவது. ஜே பத்தாவது. பத்தாம் எண்ணின் வேலை அடுத்த வரிக்கு இறங்குவது. ஆக, இடம் என்பதும் கீழ் என்பதும் அந்த எழுத்துகளில் வந்து உட்கார்ந்தது அகர வரிசையால். ஆங்கில அகர வரிசையால்.

அடுத்த கட்டம் ஷெல். பெல் ஆய்வுகூடத்தில் டேவிட் கோர்ன் எழுதிய கோர்ன் ஷெல் 1983 ஜூலையில் ஒரு மாநாட்டில் அறிமுகமானது. 1983 ஜூலை என்று எழுதும்போது கை கொஞ்சம் நிற்கிறது. எங்கள் கோப்புகளில் திரும்பத் திரும்ப வரும் மாதம் அது. இரத்தினபுரிப் பக்கத்தில் எத்தனையோ குடும்பங்கள் லயத்தை விட்டு ஓடிய மாதம். உலகத்தின் ஒரு மூலையில் கட்டளை வரியைத் திருத்த வசதி செய்துகொண்டிருந்த அதே நாட்களில்தான் நம்ம பாட்டிமார் ரப்பர் மலைக்குள் ஒளிந்திருந்தார்கள். இரண்டுக்கும் தொடர்பு இல்லை. ஆனால் இன்றைக்கு அந்த வசதியை வைத்துத்தான் அவர்கள் சொன்னதைத் தேடுகிறோம்.

கோர்ன் ஷெல்லில் அடித்த கட்டளையைத் திருத்த இரண்டு முறைகள் இருந்தன. வீஐ முறையைச் செய்தவர் பெட் சலிவன், ஈமாக்ஸ் முறையைச் செய்தவர் மைக் வீச். பின்னர் பிரையன் பாக்ஸ் 1989-இல் வெளியிட்ட பாஷ் ஷெல்லும், 1990-இல் பிரின்ஸ்டன் மாணவர் போல் பால்ஸ்டட் எழுதிய இசட்-ஷெல்லும் அதே வசதியோடு வந்தன. 1992-இல் வந்த போசிக்ஸ் ஷெல் தரத்தில் இடம்பிடித்தது வீஐ முறை மட்டுந்தான். இப்படி ஒரு முனையத்தின் விசை அமைப்பு அந்த முனையம் மறைந்த பிறகும், கலைப்பீடத்து மடிக்கணினி வரைக்கும் வந்து சேர்ந்தது.

இப்போது நம்ம பக்கத்துக் கதை. தமிழ் விசைப்பலகைக்கும் ஒரு வரலாறு உண்டு. 1886-இல் யாழ்ப்பாணத்தில் பிறந்து 1907-இல் மலாயாவுக்குப் போன ஆர். முத்தையா, ஆங்கிலத்துக்கென்று செய்த தட்டச்சுப் பொறியைத் தமிழுக்கு வளைத்தவர். 247 எழுத்தை அந்தச் சில விசைகளுக்குள் அடக்க, அடித்தாலும் தாள் நகராத விசைகளை வைத்தார். தமிழ்த் தட்டச்சின் தந்தை என்று அவரைச் சொல்கிறோம். தட்டச்சு வழி வந்த ரெங்கநாதன் அமைப்பு இலங்கை அலுவலகங்களில் இன்றும் நடக்கிறது. 1999 பெப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டை ஒட்டி வந்தது தமிழ்99. அதில் உயிர்கள் இடக்கையில், மெய்கள் பெரும்பாலும் வலக்கையில். அதிகம் வரும் எழுத்துகள் விரலுக்கு நேராக நடு வரிசையில். நாங்கள் பாவிப்பது அதைத்தான்.

தமிழ்99-இல் எச், ஜே, கே, எல் விசைகளில் என்ன இருக்கிறது தெரியுமா? க, ப, ம, த. பில் ஜாய் அம்புகளாகப் பாவித்த நடு வரிசை விசைகளில்தான் தமிழ்99 நமக்கு அதிகம் தேவைப்படும் மெய்களை வைத்திருக்கிறது. நல்ல இடத்துக்கு எல்லாரும் போட்டி போடத்தானே செய்வாங்க.

மோதல் இங்கேதான். பெயரைத் தமிழில் அடித்துவிட்டுக் கட்டளை நிலைக்குப் போய் எச்சை அழுத்தினால், ஷெல்லுக்குப் போய்ச் சேருவது ககரம். ககரத்தை வைத்து என்ன செய்வதென்று அதற்குத் தெரியாது. விம் திருத்தியில் இதற்கென்றே ‘லாங்மேப்’ என்ற வசதி இருக்கிறது. விம் என்பது நெதர்லாந்தின் பிராம் மூலனார் 1991-இல் வெளியிட்ட, வீஐ வழி வந்த திருத்தி. அவர் 2023 ஓகஸ்டில் இறந்தார். ஆங்கிலம் அல்லாத விசைப்பலகைக்காரரையும் விம்மில் யோசித்திருக்கிறார்கள். ஷெல்லில் அப்படி ஒன்று இல்லை. கையால்தான் எழுத வேண்டும்.

கட்டளை நிலைக்குப் போகும்போதெல்லாம் விசைப்பலகையைத் தானாக ஆங்கிலத்துக்கு மாற்றும்படி செய்யலாம். இசட்-ஷெல்லில் அதற்கு வழி உண்டு. ஆனால் ஆர் அடித்த பிறகு எங்களுக்குத் தேவை தமிழ் ரகரம். ஆங்கிலத்துக்கு மாறிவிட்டால் அது வராது. அதனால் மறுவழி எடுத்தோம். இசட்-ஷெல்லின் அமைப்புக் கோப்பில் ‘பைண்ட்கீ’ என்ற கட்டளையால், கட்டளை நிலையில் ககரம் வந்தால் இடம் போ, தகரம் வந்தால் வலம் போ, மகரம் வந்தால் முந்திய கட்டளையைக் கொண்டுவா என்று ஒவ்வொன்றாக எழுதினோம். எஃப்பிலும் ஆரிலும் நம்ம தளவமைப்பில் என்ன வருகிறதோ அதற்கும் அப்படியே. செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சில தமிழ் உள்ளீட்டுக் கருவிகள் அடுத்த விசை வரும் வரை எழுத்தைக் கையிலேயே வைத்திருக்கும். அவற்றில் இது சரிவராது. எழுத்தை உடனே அனுப்பும் தளவமைப்பைத் தெரிந்தெடுங்கள்.

மிச்சம் இருந்தது எஸ்கேப். கேப்ஸ் லாக்கை எஸ்கேப்பாக மாற்றலாமே என்று கேட்பீங்க. எங்களுக்கு அது தமிழ்–ஆங்கிலம் மாற்றும் விசை. இன்னொரு பழைய வழக்கம் உண்டு. எழுதும் நிலையில் ஜேயையும் கேயையும் அடுத்தடுத்து வேகமாக அடித்தால் எஸ்கேப் என்று வைப்பது. ஆங்கிலச் சொற்களில் அந்த இரண்டும் சேர்ந்து வருவது மிக அரிது. விரலும் நகரத் தேவையில்லை. உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானோர் இப்படித்தான் வைத்திருக்கிறார்கள். நாங்களும் வைத்தோம். தமிழில் அடிக்கும்போதும் வேலை செய்ய, அதே விசைகளில் வரும் ‘ப, ம’ சோடியையும் சேர்த்தோம்.

அன்றைக்கு இரவே அகப்பட்டோம். எங்களில் ஒருத்தர் வேகமாக ‘குடும்பம்’ என்று அடித்தார். குடும் வரைக்கும் வந்தது. பகரமும் மகரமும் அடுத்தடுத்து விழுந்ததும் ஷெல் கட்டளை நிலைக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு அடித்த எழுத்தெல்லாம் கட்டளையாகி வரியைக் குழப்பியது. திரும்ப அடித்தோம். திரும்பவும் அதே. ஆரம்பம், துன்பம், லாபம், கோபம், எல்லாம் அப்படியே. குடும்பங்களைத் தேடுவதற்கென்று வைத்த கணினியில் ‘குடும்பம்’ என்று எழுத முடியவில்லை. சிரிப்பாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

பிழை ஷெல்லில் இல்லை. ஒரு சோடி ‘பாதுகாப்பானது’ என்று சொல்லும்போது, எந்த மொழிக்கு என்ற கேள்வி அதற்குள் ஒளிந்திருக்கிறது. அந்தக் கேள்வியை நாங்கள் கேட்காமலே எடுத்துப் போட்டுவிட்டோம். அப்படியானால் தமிழில் சேர்ந்து வராத இரண்டு எழுத்து எது?

இதற்குக் கணினி படித்த அண்ணாவால் பதில் சொல்ல முடியவில்லை. எங்களில் ஒருத்தருக்கு உயர்தரத் தமிழ் வகுப்பு ஞாபகம் வந்தது. உடனிலை மெய்ம்மயக்கம். ஒரு மெய் தன்னோடு தானே சேர்ந்து வருவது: பக்கம், அம்மா, பள்ளம். பவணந்தி முனிவர் நன்னூலில் அதற்கு விலக்குச் சொல்கிறார். 18 மெய்களில் ர, ழ இரண்டும் ஒழிந்த 16 மெய்களே இப்படி வரும். ழகரம் ழகரத்தோடு சேராது. பரீட்சைக்காக நெட்டுருப் போட்டு, பரீட்சையோடு மறந்திருந்த விதி. புள்ளி இல்லாமலும், ‘ழழ’ என்று அடுத்தடுத்து வரும் ஒரு சொல்லை நாங்கள் எல்லாரும் கூடி யோசித்தும் கண்டுபிடிக்க முடியவில்லை.

எழுதும் நிலையில் ழகரம் இரண்டு முறை வந்தால் கட்டளை நிலைக்குப் போ. ஒரு வரி. எழுதிவிட்டு ‘குடும்பம்’ அடித்தோம், முழுசாக வந்தது. ‘ழழ’ அடித்தோம், கட்டளை நிலை வந்தது. ஒரே விசையை இரண்டு தட்டு தட்டுவதால் கைக்கும் சுகம். ஒரு சின்னக் குறை உண்டு. ழகரத்தை அடித்ததும், இன்னொரு ழகரம் வருமா என்று இசட்-ஷெல் 0.4 விநாடி காத்திருக்கும். வேறு விசையை அடித்தால் உடனே விட்டுவிடும். நிறுத்தி நிறுத்தி அடிப்பவர்களுக்கு மட்டும் ‘ழ’ கொஞ்சம் பிந்தித் தெரியும்.

“இது பெரிய விசயமா?” என்று ஒரு நண்பர் கேட்டார். பெரிய கண்டுபிடிப்பு இல்லை. ஒரு கோப்பில் இருபது சொச்சம் வரிகள். ஆனால் எங்களுக்குப் பழகிப்போன ஒன்று உண்டு. படிவம் நமக்குப் பொருந்தவில்லை என்றால், அலுவலகத்தில் பெயர் பிழையாக எழுதினால், “அது அப்படித்தான்” என்று வாங்கிக்கொண்டு வந்துவிடுவோம். கணினியிலும் அப்படித்தான் இருந்தோம். இந்த வரலாற்றைப் படித்த பிறகு தெரிந்தது, ‘அது அப்படித்தான்’ என்பதற்குப் பின்னால் எப்போதும் ஒரு ஆள், ஒரு கை, ஒரு பொறி, ஒரு மொழி இருக்கிறது. ஜாய் தன் முன்னால் இருந்த முனையத்துக்கு ஏற்ற மாதிரி எழுதினார். முத்தையா தன் மொழிக்கு ஏற்ற மாதிரி வளைத்தார். நாங்களும் எங்கள் முன்னால் இருக்கும் ஓட்டை மடிக்கணினிக்கு ஏற்ற மாதிரி மாற்றினோம். மாற்றத் தேவைப்பட்ட அறிவில் பாதி, கணினியோடு சம்பந்தமே இல்லை என்று நினைத்திருந்த தமிழ் இலக்கணத்தில் இருந்தது.

தேடலின் முடிவையும் சொல்ல வேண்டும். பாட்டி சொன்ன எழுத்தில் தேடியபோது அவருடைய கோப்பு மட்டுந்தான் வந்தது. றகரத்தை ரகரமாக்கித் தேடியபோது இன்னும் இரண்டு கோப்புகள் வந்தன. ஒன்றில் இருப்பவர் வேறு தோட்டத்து ஆள். மற்றதில் ஒரு தாத்தா, அதே தோட்டம், அதே லயம், “அந்தப் புள்ள குடும்பத்தோட போகும்போது கைக்குழந்தை இருந்திச்சு, தலைமன்னார் வரைக்கும் நான்தான் பெட்டி தூக்கிட்டுப் போனேன்” என்று சொல்லியிருக்கிறார். அதை எழுதியது நாங்கள்தான். எங்களிடமே இருந்தது. ஒரு எழுத்து மாறியிருந்ததால் கண்ணில் படவில்லை.

அடுத்த விடுமுறையில் அந்த வரியை அச்செடுத்துக்கொண்டு பாட்டியிடம் போகிறோம். இரண்டு எழுத்தில் இருந்த பெயரை ஒரே மாதிரி ஆக்கவில்லை. இரண்டையும் அப்படியே வைத்து, ஒன்றைத் தேடினால் மற்றதும் வரும்படி செய்திருக்கிறோம். எது சரி என்று நாங்கள் தீர்மானிக்கக் கூடாது. பாட்டியிடம் கேட்டுத்தான் எழுத வேண்டும்.